ஓடிக் களைத்த தொடைக்குக் கப்பிங்: வீட்டில் முதன்முறை செய்பவர்களுக்கு

கப்பிங் என்பது தோலில் கப்பைக் கவிழ்த்து உறிஞ்ச வைத்துத் தசை இறுக்கத்தைத் தளர்த்தும் முறை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நார்த் பீச்சில் சனிக்கிழமை பார்க்ரன் என்னும் பொது ஓட்டத்தில் 5 கிலோமீட்டர் ஓடுபவருக்கு அது தேவைப்படாது. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையிலான நெடுந்தூர ஓட்டமான காம்ரேட்ஸுக்குப் பயிற்சி எடுப்பவரின் நிலை வேறு. ஓட்டம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு இறங்கும் ஆண்டில் போத்தாஸ் ஹில், ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கங்கள் முன்தொடையைப் பிழிந்துவிடும். ஒவ்வொரு அடியிலும் தசை நீண்டபடியே உடம்பின் பாரத்தைத் தாங்குவதால் நுண்ணிய சேதம் உண்டாகிறது. வலி மறுநாள் தொடங்கி, இரண்டு மூன்று நாள் கடுமையாக இருக்கும்.

அந்தச் சேதத்தைக் கப்பிங் ஆற்றும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆற்றுவது தூக்கமும் சாப்பாடும்தான். ஆனால் இறுக்கம் கொஞ்ச நேரம் தளரும், படியிறங்க முடியும். அந்த அளவுக்கு நம்பிச் செய்யுங்கள்.

நடுத்தர அளவில் இரண்டு சிலிகான் கப், கொஞ்சம் தேங்காய் எண்ணெய் போதும். நெருப்பு வைக்கும் கண்ணாடிக் கப்பையும், தோலைக் கீறி இரத்தம் எடுக்கும் ஹிஜாமாவையும் வீட்டில் தொடவே வேண்டாம். அவற்றுக்கு, மாற்று மருத்துவச் சிகிச்சையாளர்களைப் பதிவு செய்யும் அலைட் ஹெல்த் புரொஃபெஷன்ஸ் கவுன்சிலில் பதிவு பெற்ற சிகிச்சையாளரிடம் போங்கள்.

இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள், இரத்தம் உறையாத கோளாறு உள்ளவர்கள் இதைத் தவிர்க்கவும். நரம்பு சுருட்டிய இடம், புண், வெயிலில் வெந்த தோல், முழங்காலின் பின்குழி ஆகியவற்றின் மேல் வைக்கக் கூடாது. தைப்பூசக் காவடிக்கு முதுகில் கொக்கி குத்திக்கொண்டவர்கள், காயம் முழுதாக ஆறும்வரை அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஓடிய அன்றே செய்யாமல் மறுநாள் குளித்துவிட்டு உட்காருங்கள். காலை லேசாக மடக்கி, முன்தொடையில் எண்ணெயைத் தாராளமாகத் தடவுங்கள். கப்பைப் பாதி அமுக்கித் தோலில் வைத்து விட்டால் கவ்விக்கொள்ளும். தோல் சிறிது மேலெழுந்தால் போதும். முழங்காலுக்கு நான்கு விரல் மேலிருந்து இடுப்பை நோக்கி மெதுவாக நகர்த்துங்கள். நகராமல் இழுத்தால் உறிஞ்சல் அதிகம் என்று பொருள். விளிம்பை விரலால் தூக்கிக் காற்றை உள்ளே விட்டுத் திரும்ப வையுங்கள். ஒரு காலுக்கு மூன்று நான்கு நிமிடம் போதும். ஒரே இடத்தில் நிறுத்துவதென்றால் ஐந்து நிமிடத்தைத் தாண்டாதீர்கள். வலித்தால், மரத்துப்போனால் உடனே எடுத்துவிடுங்கள்.

2016 ரியோ ஒலிம்பிக்கில் மைக்கேல் ஃபெல்ப்ஸின் தோளில் இருந்த கருஞ்சிவப்பு வட்டங்களைப் பார்த்த பிறகு, தடம் எவ்வளவு கறுக்கிறதோ அவ்வளவு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. தோலடியில் தந்துகிகள் எனும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் உடைந்து இரத்தம் கசிந்த அடையாளம்தான் அது. வாரம் பத்து நாளில் மறையும். அதுவரை அதே இடத்தில் திரும்ப வைக்காதீர்கள். போட்டிக்கு முந்தைய சில நாட்களிலும் வேண்டாம்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் இரத்தக் கட்டியாக இருக்கலாம். நீண்ட ஓட்டத்துக்குப் பின் சிறுநீர் கோலா நிறத்தில் போனால், சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். இரண்டிலும் கப்பிங் செய்யாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.