மில் பெல்ட்டுக்குக் கூடு: கழற்றாமலே வேலை நடக்கும்படி அடிப்பது எப்படி

பெரும்போக நெல் வந்து குவியும் காலத்தில், இலங்கையின் கிழக்கே சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று, ஏறாவூர்ப் பக்கத்து அரிசி மில்கள் இரவிலும் ஓடும். நித்திரை கண்ணைக் கட்டும் அந்த நேரத்தில்தான் ஈர நெல் அடைக்கும், பெல்ட் வழுக்கும், கை கிட்டப் போகும். ஆகவே ஓடும் பெல்ட்டையும் புல்லியையும் கை படாமல் மூடும் கூட்டை அடிக்கும் வேலையை மில் சும்மா கிடக்கும் கிழமைகளிலேயே முடித்துவிடுங்கள்.

கூடு இருந்தும் சுவரில் சாய்ந்து கிடக்கும் மில்கள் உண்டு. கிறீஸ் அடிக்க ஒரு தரம், பெல்ட் இறுக்க ஒரு தரம், தவிடு கூட்ட ஒரு தரம் என்று கழற்றி, கடைசியில் யாரும் திரும்பப் பூட்டுவதில்லை. தொழிலாளியின் கவனக்குறைவு என்று இதைச் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. அந்த மூன்று வேலைக்கும் இடம் வைக்காமல் கூட்டை அடித்ததுதான் பிழை.

"கையை இழுத்துக்கொள்ளலாம்" என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடும் மோட்டரில் 6 அங்குலப் புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) இருந்தால் பெல்ட் ஒரு செக்கனில் ஏறக்குறைய 11 மீற்றர் ஓடும். ஆபத்தைக் கண்டு கை அசையக் கால் செக்கன் போனாலும், அதற்குள் கிட்டத்தட்ட 3 மீற்றர் பெல்ட் புல்லிக்குள் போய்விடும். பெல்ட் புல்லிக்குள் நுழைகிற பக்கம்தான் கையை இழுக்கும். அடுத்தது, புல்லியின் ஆரக்கால்களுக்கு இடையிலுள்ள வெளி. மூன்றாவது, சாஃப்ட் எனும் சுழலும் தண்டின் நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும், புல்லியைப் பிடித்து வைக்கும் சாவிக்கட்டையும் இறுக்கும் போல்ட்டும். வழுவழுப்பான வெறும் சாஃப்ட்கூடச் சாரன் நுனியையோ முந்தானையையோ சுற்றி இழுக்கும். நுனிக்குத் தொப்பி போல ஒரு மூடி போடுங்கள்.

கூட்டுச் சட்டத்துக்கு ஆங்கிள் இரும்பு போதும். ஒருவர் சாய்ந்தாலும் உள்ளே வளையாத உறுதி வேண்டும். அதிரும் இயந்திர உடம்பில் பூட்டினால் வெல்டிங் வெடிக்கும், போல்ட் தளரும். நிலத்துக் கொங்கிறீற்றில் பூட்டுவதே நல்லது. மோட்டருக்குக் காற்றுப் போகவும், பெல்ட்டின் நிலையை வெளியிலிருந்தே பார்க்கவும் வேண்டும் என்பதால், முழுத் தகட்டைவிடக் கம்பி வலை உகந்தது. கோழிக்கூட்டு வலை உதவாது, அழுத்தினால் உள்ளே போய்விடும்.

வலைக்கும் பெல்ட்டுக்கும் இடையிலான தூரம்தான் உயிர்நாடி. வலையின் சதுரக் கண் (ஓட்டை) அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை இருந்தால், ஓடும் பகுதி வலையிலிருந்து குறைந்தது 120 மில்லிமீற்றர், அதாவது 5 அங்குலம் தள்ளி இருக்க வேண்டும். இடம் நெருக்கமென்றால் 10 மில்லிமீற்றருக்கு மேற்படாத கண் எடுங்கள். அப்போது 25 மில்லிமீற்றர் போதும். கண் பெரிதாகவும் தூரம் குறைவாகவும் இருக்கும் கூடு, விரல் நுழையும் கூடு.

வெளிப்பக்கத்தை மட்டும் மூடிவிட்டுச் சுவர்ப்பக்கத்தைத் திறந்து விடுவது நாம் அடிக்கடி காணும் பிழை. கூட்டுகிறவர் அந்தப் பக்கத்தால்தான் குனிந்து போவார். அடியில் துடைப்பம் போக நாலு விரல் இடைவெளி விட்டால், கையும் அதால் போகும். அடிவரை மூடி, தவிடு எடுக்கச் சிறு கதவு வைத்து அதையும் போல்ட்டால் பூட்டுங்கள். மேலே ஓடும் சாஃப்டும் பெல்ட்டும் 9 அடிக்குக் கீழே வந்தால் அவற்றுக்கும் கூடு வேண்டும்.

தவிடு கூட்ட வழி வைத்தாயிற்று. இனி அந்த மூன்று வேலைகளில் மற்ற இரண்டு. சாஃப்டைத் தாங்கும் பெயாரிங்கில் கிறீஸ் அடிக்கும் வாயான நிப்பிளைக் கழற்றி, அந்த இடத்திலிருந்து ஒரு சிறு செப்புக் குழாயைக் கூட்டுக்கு வெளியே கொண்டு வந்து, அதன் நுனியில் நிப்பிளைப் பூட்டுங்கள். குழாயைக் கிறீஸால் நிரப்பிய பிறகே இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதலில் அடிக்கும் கிறீஸ் குழாயிலேயே நின்றுவிடும், பெயாரிங் காயும். பெல்ட் இறுக்கும் போல்ட்டின் தலை, கூட்டுக்கு வெளியே ஸ்பானர் பிடிக்கும் இடத்தில் இருக்கட்டும். வழுக்கும் பெல்ட்டுக்கு ஓடும்போதே மெழுகு தேய்ப்பதை அடியோடு நிறுத்துங்கள். பெல்ட்டை இறுக்கவோ மாற்றவோ வேண்டும் என்பதற்கான அறிகுறிதான் அந்த வழுக்கல். கூட்டைக் கையால் திருகும் நட்டால் பூட்டாதீர்கள். ஸ்பானர் இல்லாமல் கழற்ற முடியக் கூடாது.

புல்லிக்குச் சிவப்பு நிறம் பூசினால் கூடு இல்லாத நாளில் தூரத்திலிருந்தே தெரியும்.

முடித்ததும் சோதியுங்கள். 12 மில்லிமீற்றர் தடிப்புக் கம்பொன்றில் 120 மில்லிமீற்றரில் கோடு போட்டு, மில் நின்றிருக்கும்போது வலைக்கண், மூலை, கதவு விளிம்பு எங்கும் எல்லாச் சாய்விலும் நுழையுங்கள். கோடு வரைக்கும் போகுமுன் பெல்ட்டிலோ புல்லியிலோ முட்டினால் அந்த இடம் பிழை.

நெல்லை வாளிகளால் மேலே ஏற்றும் எலிவேற்றரின் அடிப்பெட்டியை மறக்க வேண்டாம். ஈர நெல் அங்குதான் அடைக்கும். கரண்ட்டை நிறுத்திய பிறகும், ஒரு பக்க வாளிகளில் நெல் நிறைந்திருந்தால் அந்தப் பாரத்தாலேயே பெல்ட் பின்னுக்குச் சுழலும், உள்ளே இருக்கும் கையை வாளி வெட்டும். மரக்கட்டை கொடுத்து மேற்புல்லியைத் தடுத்த பிறகே கதவைத் திறவுங்கள். உமி நீக்க எதிரெதிராகச் சுழலும் றப்பர் உருளைகளில் நெல் சிக்கினால் குச்சியாலும் குத்தக் கூடாது. குச்சியோடு கையும் போகும்.

எதைத் திறப்பதென்றாலும் ஒழுங்கு ஒன்றுதான். மெயின் சுவிச்சை நிறுத்தி அதில் பூட்டுப் போடுங்கள். உள்ளே வேலை செய்கிறவர் ஒவ்வொருவரும் தத்தம் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் மடியில் வைத்திருக்க வேண்டும். மூன்று பேர் என்றால் மூன்று பூட்டு. கனமான புல்லி சுழன்று ஓயும்வரை பொறுங்கள். பிறகு ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, ஓடவில்லை என்று கண்டபின் கையை வையுங்கள். ஃபியூஸைக் கழற்றி வைப்பது பூட்டுக்கு ஈடாகாது, யாரும் திரும்பச் செருகலாம்.

கரண்ட் போய் வரும்போது மில் தானாக ஓடத் தொடங்குவது இன்னொரு ஆபத்து. நெல் போடாமல் ஓடவிட்டு, மெயினை நிறுத்தித் திரும்பப் போட்டுப் பாருங்கள். ஸ்டார்ட் பொத்தானை யாரும் அழுத்தாமல் மோட்டர் சுழன்றால் ஸ்டார்ட்டர் சரியில்லை. மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு அதைத் திருத்தும்வரை மில்லை ஓட்டாதீர்கள்.

1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், இயந்திரத்தின் ஆபத்தான பகுதிகளை அடைப்பதும், அவை ஓடும்போது அடைப்பு இடத்தில் இருப்பதும் கட்டாயம் என்கிறது. இதற்கான பரிசோதனை தொழில் திணைக்களத்தின் பொறுப்பு; கூடு பற்றிய ஐயங்களை அங்கேயே கேட்கலாம். போகத்துக்கு வரும் புதிய பொடியன்களை முதல் நாளே மெயின் சுவிச்சடிக்குக் கூட்டிப்போய், பூட்டையும் சாவியையும் கையில் கொடுத்து, ஒரு தரம் நிறுத்திப் பூட்டச் செய்த பிறகு வேலைக்கு விடுங்கள்.