வெளிநாட்டு எண்ணுக்கு அழைப்பதற்கு முன்

வெளிநாட்டுக்கு வந்து புது சிம் போட்டதும் முதல் வேலை, போனில் இருக்கிற எண்களைத் திருத்துவதுதான். பழைய நாட்டில் சேமித்த எண்ணை அப்படியே அழுத்தினால், நெட்வொர்க் அதை உள்ளூர் எண் என்றே எடுத்துக்கொள்ளும். அழைப்பு போகாது, அல்லது முன்பின் தெரியாத யாரோ எடுப்பார்கள். வாட்ஸ்அப்பிலும் பல பேர் காணாமல் போனதுபோல் இருக்கும்.

எல்லா எண்களையும் + குறி, நாட்டுக் குறியீடு, பிறகு எண் என்ற வரிசையில் சேமியுங்கள். இந்தியாவுக்கு 91, இலங்கைக்கு 94, மலேசியாவுக்கு 60, சிங்கப்பூருக்கு 65. + வேண்டுமானால் 0-வைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் போதும். லேண்ட்லைனில் அந்த வசதி இருக்காது. அதற்குப் பதிலாக ஐரோப்பாவில் பெரும்பாலும் 00, அமெரிக்காவிலும் கனடாவிலும் 011, ஆஸ்திரேலியாவில் 0011 போட வேண்டும். செல்போனில் இதையெல்லாம் மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

அதிகம் பேர் தடுக்கி விழுவது முன்னால் வரும் பூஜ்யத்தில். இலங்கையின் 077 எண், வெளியிலிருந்து அழைக்கும்போது +94 77 என்று ஆகிவிடும். பிரிட்டனின் 07-ம் அதேபோல்தான், +44 7. இத்தாலியின் லேண்ட்லைன் ஒரு விதிவிலக்கு. அங்கே பூஜ்யத்தை எடுத்தால் அழைப்பு போகாது.

ரோமிங் வேறு, ஐஎஸ்டி வேறு. பழைய சிம்மை இங்கே பயன்படுத்துவது ரோமிங். அதில் வரும் அழைப்பை எடுத்தாலே காசு போகலாம். புது சிம்மிலிருந்து ஊருக்கு அழைப்பது ஐஎஸ்டி. ‘அன்லிமிடெட்’ என்று விற்கும் திட்டங்களில் அந்த ‘அன்லிமிடெட்’ பலமுறை உள்நாட்டுக்கு மட்டும்தான், கேட்டு வாங்குங்கள். வங்கி ஓடிபிக்காகப் பழைய சிம் தேவைப்படும். அதை இரண்டாவது சிம்மாக வைத்து, டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிடுங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் அந்த எண் ஒருநாள் வேறொருவர் கைக்குப் போய்விடும், அப்புறம் வங்கியோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

எஸ்எம்எஸ்ஸில் நம் எழுத்துக்குச் செலவு கூடுதல். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்துகள் கொள்ளும். தமிழில் 70 இடங்கள்தான். அதிலும் புள்ளி, கொம்பு, கொக்கி எல்லாம் தனித்தனியாகக் கணக்காகும். ‘தமிழ்’ என்ற மூன்றெழுத்துக்கே 5 இடம் போகிறது. நீளமாக எழுதினால் அது இரண்டு மூன்று செய்திகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் விழும். வெளிநாட்டுக்கு எஸ்எம்எஸ் என்றால் ‘வந்து சேர்ந்தேன்’ அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மீதியை வாட்ஸ்அப்பில் பேசலாம். ஆனால் வாட்ஸ்அப்பிலிருந்து லேண்ட்லைனுக்கு அழைக்க முடியாது. வீட்டில் லேண்ட்லைன் மட்டுமே வைத்திருக்கும் பெரியவர்களுக்காக ஐஎஸ்டி நிமிடங்கள் கொஞ்சம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒரே ஒரு ரிங் வந்து நின்றால் திருப்பி அழைக்காதீர்கள். உங்களை அழைக்கவைத்து அதிகக் கட்டணம் பிடுங்கும் மோசடி அது. வட அமெரிக்காவில் இன்னும் கவனம் வேண்டும்: ஜமைக்கா போன்ற கரீபியன் நாடுகளுக்கும் குறியீடு 1தான் என்பதால், 876 என்று தொடங்கும் எண் உள்ளூர் எண் மாதிரியே தெரியும். கட்டணம் மட்டும் வெளிநாட்டுக் கட்டணம்.

வங்கிகளின் 1800 இலவச எண்கள் பெரும்பாலும் நாட்டுக்கு வெளியிலிருந்து கிடைக்காது. அட்டையின் பின்புறத்திலோ வங்கியின் தளத்திலோ + போட்ட இன்னொரு எண் இருக்கும். அதைத் தேடி இப்போதே சேமித்துவிடுங்கள், அட்டையே தொலைந்தபின் பின்புறத்தைப் பார்க்க முடியாது.