விசில் கேட்டதும் டர்போவைக் கழற்றாதீர்கள்

டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் பாகம்) உள்ள வண்டியில் புதிதாக ஒரு சத்தம் வந்தால் பலரும் டர்போ மேலேயே பழி போடுகிறார்கள். பெரும் பணம் கொடுத்து மாற்றியும் சத்தம் போகாது; கசிந்தது, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸாக இருந்திருக்கும்.

சத்தம் எப்போது வருகிறது என்று கவனிக்காமல் எதையும் கழற்றக் கூடாது. மேடு ஏறும்போது 'உஸ்' என்று காற்று சீறி, இழுவையும் குறைந்தால் பூஸ்ட் கசிவைத்தான், அதாவது டர்போ அழுத்திய காற்று வெளியேறுவதைத்தான், முதலில் சந்தேகிக்க வேண்டும். நின்ற இடத்தில் ரேஸ் கொடுத்துப் பார்த்து 'ஒன்றுமில்லை' என்று விடுவது தவறு. லோடு இல்லாதபோது டர்போ போதிய அழுத்தம் எழுப்பாது. இன்ஜின் ஆறியதும் ஹோஸின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பும், கிளாம்ப் ஓரத்து எண்ணெய்ப் பிசுக்கும் கையில் தட்டுப்படும்.

காலையில் 'டிக் டிக்' என்று கேட்டு, சூடானதும் அடங்குகிறதா? இன்ஜின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கேஸ்கட்டையோ, அதைப் பிடித்திருக்கும் போல்ட்டான ஸ்டட் முறிந்திருக்கிறதா என்றோ பாருங்கள். சூட்டில் இரும்பு விரிந்து இடைவெளியை அடைத்துவிடும். அதனால் ஒர்க்‌ஷாப் போய்ச் சேர்வதற்குள் சத்தம் மறைந்திருக்கும். வண்டியை இரவே அங்கு விட்டு, முதல் ஸ்டார்ட்டில் கேட்கச் சொல்லுங்கள்.

ஆக்சிலரேட்டரை விடும்போது தகரம் ஆடுவது போன்ற கிலுகிலுப்பு, டர்போவுக்குப் போகும் மிகுதிப் புகையைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட்டின் தேய்ந்த மூடியிலிருந்து வரலாம். இன்ஜின் அடியிலிருந்து கனமான 'டொக் டொக்' கேட்டால் கதை வேறு. நன்றாகக் கேட்கட்டும் என்று ரேஸ் கொடுக்காதீர்கள். உடனே நிறுத்தி, ஆயில் அளவைப் பார்த்து, வண்டியைக் கட்டி இழுத்துச் செல்லுங்கள், இன்ஜின் பேரிங் போயிருக்கலாம்.

ஆம்புலன்ஸ் சைரன் போல ஊளையிட்டால் டர்போவையே சந்தேகிக்கலாம். அப்போதும் டர்போவின் ஷாஃப்ட் (சுழலும் தண்டு) பக்கவாட்டில் லேசாக ஆடுவதைக் கண்டு பயப்பட வேண்டாம். சாதாரண புஷ் பேரிங்கில் ஆயில் படலத்துக்கான இடைவெளி அது. முன்னும் பின்னும் ஆடுவது கைக்குத் தெரிந்தாலோ, இறக்கை கூட்டில் உரசிய தடம் இருந்தாலோ ஓட்டாதீர்கள். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் பாகம் அது. டீசல் வண்டியில் டர்போவின் ஆயில் சீல் விட்டால், இன்ஜின் தன் ஆயிலையே குடித்து, சாவியை அணைத்தாலும் நிற்காமல் ஓடக்கூடும்.

இத்தனையிலும் பெரிய நஷ்டம், பழைய ஆயில் பைப்பிலேயே புது டர்போவைப் பூட்டுவது. முதல் டர்போவைக் கொன்ற கரி அந்தப் பைப்புக்குள் இருந்தால், புதியதும் எண்ணெய் கிடைக்காமல் சீக்கிரமே போய்விடும். டர்போவுக்கு ஆயில் கொண்டுவரும் ஃபீட் பைப்பை மாற்றுங்கள். ஆயிலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பைப் அடைப்பின்றி இருக்கிறதா பாருங்கள். இன்டர்கூலரில் தங்கிய உலோகத் துகளைக் கழுவி, புது ஆயிலும் ஃபில்டரும் போட்டு, இன்ஜின் பற்றாதபடி சில விநாடி ஸ்டார்ட்டரை மட்டும் சுழற்றி ஆயில் டர்போவுக்கு ஏறிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.