லினக்ஸில் சொந்த ஷார்ட்கட்: மெனுவில் ஐகான் ஏன் வரவில்லை?

அண்ணன் மகள் ஓவியம் பழக ஆசைப்பட்டாள். உபுண்டு என்ற லினக்ஸ் வகை ஓடும் அவள் மடிக்கணினியில், கிரிட்டா என்ற ஓவிய நிரலின் ஆப்இமேஜை (நிறுவாமலே ஓடும் ஒற்றைக் கோப்பு நிரல்) இறக்கி, மெனுவில் ஒரு ஷார்ட்கட்டும் செய்து கொடுத்தேன். சில வாரம் கழித்து போன் வந்தது: “சித்தப்பா, படம் வரையுற ஐகானைக் காணோம்.” புதிய பதிப்பை இறக்கிவிட்டு, பழையதை அழித்திருக்கிறாள். கோப்பின் பெயரிலேயே பதிப்பு எண் இருந்ததால், நான் எழுதிய முகவரியில் இப்போது எதுவும் இல்லை. அன்றிலிருந்து ஆப்இமேஜ் எதுவானாலும், எண்களை நீக்கி, கிரிட்டா.ஆப்இமேஜ் என்று வெறும் பெயராக மாற்றிய பிறகுதான் ஷார்ட்கட் எழுதுகிறேன். அடுத்த பதிப்பு வந்தால் அதே பெயரில் மேலே போட்டு, இயக்க அனுமதியும் கொடுத்துவிட்டால் போதும்.

லினக்ஸில் ஷார்ட்கட் என்பது .டெஸ்க்டாப் என்று முடியும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்புதான். முதல் வரியில் சதுர அடைப்புக்குள் டெஸ்க்டாப் என்ட்ரி என்று இருக்க வேண்டும். அதன் கீழே டைப் (வகை), நேம் (பெயர்), எக்ஸெக் (ஓட்டவேண்டிய நிரல்), ஐகான் (படம்) வரிகள். க்னோம், கேடிஇ, எக்ஸ்எஃப்சிஇ என்ற டெஸ்க்டாப் சூழல்கள் எல்லாமே இந்த ஒரே அமைப்பைத்தான் படிக்கின்றன. இந்த வரிப் பெயர்களை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும்; பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறினால் அந்த வரி கணக்கில் வராது.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் எக்ஸெக் வரி. டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில், ஓடிய கட்டளையை அப்படியே கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். ஆனால் டெர்மினலில் கட்டளைகளைப் படித்து ஓட்டும் ஷெல் இந்த வரியைப் படிப்பதில்லை. ஹோம் கோப்புறையைக் குறிக்கும் ~ என்ற அலைக்குறியை விரித்துக் கொடுப்பது ஷெல்தான். இங்கே அது வெறும் எழுத்தாகவே நிற்கும். அதனால் /ஹோம்/ என்று தொடங்கி, உங்கள் பயனர் பெயரோடு, முழு முகவரியையும் எழுதுங்கள். ஐகான் வரிக்கும் இதே விதிதான். ஒரு கோப்புறைக்குள் போய், பிறகு நிரலை ஓட்டு என்று இரண்டு கட்டளைகளை && போட்டுச் சேர்ப்பதும் இங்கே எடுபடாது; அதற்கென்றே பாத் என்று தனி வரி இருக்கிறது.

க்னோமில் இன்னொரு நுணுக்கம் உண்டு. எக்ஸெக் வரியில் சொன்ன நிரல் அந்த இடத்தில் இருக்கிறதா, இயக்க அனுமதி உள்ளதா என்று அது முதலிலேயே பார்க்கும். இல்லையென்றால் பிழைச் செய்தி எதுவும் தராமல் அந்த ஷார்ட்கட்டையே மெனுவில் காட்டாமல் விட்டுவிடும். ஆகவே ஐகான் வரவில்லை என்றால் கணினியை மறுதொடக்கம் செய்துகொண்டிருக்க வேண்டாம். முகவரியைச் சரிபாருங்கள், ஆப்இமேஜின் பண்புகளில் இயக்க அனுமதியை டிக் செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஐகான் வருகிறது, சொடுக்கினால் மட்டும் திறக்கவில்லை என்றால் ஆப்இமேஜை டெர்மினலில் நேரடியாக ஓட்டிப் பாருங்கள்; காரணம் அங்கே தெரியலாம். உபுண்டு 22.04 முதல், பல ஆப்இமேஜ்களுக்குத் தேவையான லிப்ஃபியூஸ்2 என்ற துணை மென்பொருள் தானாக நிறுவப்பட்டு வருவதில்லை.

கோப்புறைப் பெயரில் இடைவெளி இருந்தால் எக்ஸெக் வரியில் முகவரி முழுவதையும் இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள். திறக்கவேண்டிய கோப்பைக் குறிக்கும் %எஃப் மேற்கோளுக்கு வெளியே நிற்க வேண்டும். வலைப்பக்கத்திலிருந்து நகலெடுத்தால் வளைந்த மேற்கோள் ஒட்டிக்கொண்டு வரும். அதை அழித்துவிட்டு விசைப்பலகையில் நேராக அடியுங்கள்.

எங்கே சேமிப்பது? கணினியில் நிறுவிய நிரல்கள் இருக்கும் யூஎஸ்ஆர் கோப்புறைக்குள் உள்ள கோப்புகளை நேரடியாகத் திருத்தாதீர்கள். அடுத்த அப்டேட் உங்கள் திருத்தத்தை அழித்துவிடும். ஹோம் கோப்புறையில் கண்ட்ரோலும் ஹெச்சும் அழுத்தினால் மறைந்தவை தெரியும். புள்ளியோடு தொடங்கும் லோக்கல், அதற்குள் ஷேர், அதற்குள் அப்ளிகேஷன்ஸ்: உங்கள் கோப்புக்கு இடம் அதுதான். பழைய ஷார்ட்கட் ஒன்றை மாற்ற நினைத்தால், அதே பெயரில் இங்கே நகலெடுத்துத் திருத்துங்கள். உங்களுடையதே முன்னுரிமை பெறும். டெஸ்க்டாப் திரையிலேயே ஐகான் வேண்டுமென்றால், கோப்பை டெஸ்க்டாப் கோப்புறையிலும் நகலெடுத்து வைத்து, உபுண்டுவில் அதை வலது சொடுக்கி, அலோ லாஞ்சிங் கொடுக்க வேண்டும்.

நேம் வரியில் தாராளமாகத் தமிழில் பெயர் வைக்கலாம். ‘ஓவியம்’ என்றுதான் அண்ணன் மகளுக்கு வைத்தேன். ஆனால் தேடும்போது விசைப்பலகை ஆங்கிலத்தில் இருக்கலாம் என்பதால் கீவேர்ட்ஸ் வரியில் ஆங்கிலச் சொற்களையும் சேர்த்துவிடுங்கள்.

நிரல் திறந்ததும் டாக்கில், அதாவது திரையோர ஐகான் பட்டையில், இரண்டாவது ஐகான் முளைத்தால், சாளரத்தை ஷார்ட்கட்டோடு இணைக்கும் ஸ்டார்ட்அப்டபிள்யூஎம்கிளாஸ் வரி விடுபட்டிருக்கிறது அல்லது பொருந்தவில்லை. உங்கள் கணினியில் சாளரங்களைக் காட்டும் அமைப்பு எக்ஸ்11 என்றால் டெர்மினலில் எக்ஸ்ப்ராப் என்ற கட்டளையை ஓட்டி, அந்தச் சாளரத்தைச் சொடுக்குங்கள். டபிள்யூஎம்_கிளாஸுக்கு எதிரே வரும் இரண்டு பெயர்களில் இரண்டாவதை எழுதிப் பாருங்கள்.

எக்ஸெக் வரியை, நிர்வாகி அனுமதியோடு ஓட்டும் சூடோ கட்டளையில் தொடங்காதீர்கள். டெர்மினல் இல்லாமல் அது கடவுச்சொல் கேட்க வழியில்லை, சொடுக்கினால் எதுவும் நடக்காது. முடித்ததும் டெஸ்க்டாப்-ஃபைல்-வேலிடேட் என்ற கட்டளையிடம் கோப்பைக் கொடுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் எந்த வரியில் என்று சொல்லும். முகவரி தவறாக இருந்தால் அது சொல்லாது. அதை நீங்களே டெர்மினலில் ஒட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும்.