வெல்டிங் ஜெனரேட்டருக்குத் தூசிதான் முதல் எதிரி

இன்ஜினில் ஓடும் வெல்டிங் ஜெனரேட்டருக்குப் பராமரிப்பு எல்லாம் ஓடிய மணிக்கணக்கில்தான். ஆயில் மாற்றும்போது ஹவர் மீட்டர் காட்டும் எண்ணை மார்க்கரால் மூடியின் உட்புறம் எழுதிவையுங்கள். புது இன்ஜினுக்கு முதல் ஆயில் மாற்றம் சீக்கிரமே வரும். புதுப் பாகங்கள் உரசி உதிர்க்கும் உலோகத் துகள்கள் அந்த ஆயிலில் சேர்வதால் அதைத் தள்ளிப்போடக் கூடாது. ஆயில் அளவைத் தினமும் ஸ்டார்ட் செய்வதற்கு முன், இயந்திரம் சமதளத்தில் நிற்கும்போது பாருங்கள்.

நான் அதிகம் வலியுறுத்துவது தூசியைத்தான். கிரைண்டிங் நடக்கும் பக்கம் காற்று உறிஞ்சும் வாய் திரும்பியிருக்கவே கூடாது. பறப்பது இரும்புத்தூள், மின்சாரத்தைக் கடத்தும். ஏர் ஃபில்டரை அடைப்பதோடு நிற்காமல், குளிர்விக்கும் விசிறி வழியாக உள்ளே போய் மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரின் சுருள்களில் படிந்து இன்சுலேஷனைக் கெடுக்கும். இன்ஜினை நிறுத்தி, நன்றாக ஆறவிட்டு, ஈரமில்லாத காற்றைக் குறைந்த அழுத்தத்தில் ஊதிச் சுத்தம் செய்யுங்கள். கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம். பேப்பர் ஃபில்டரைத் தட்டித் தட்டிப் பயன்படுத்துவதைவிட மாற்றிவிடுவதே மேல். கிழிந்த ஃபில்டர் சிலிண்டரையே தேய்த்துவிடும். கார்பன் பிரஷ் (சுழலும் பாகத்தைத் தொட்டு மின்சாரம் கடத்தும் கரித்துண்டு) உள்ள மாடலானால் அதன் நீளத்தையும் அப்போதே பார்த்துவிடலாம்.

டீசல் இன்ஜினை லோடு இல்லாமல் நெடுநேரம் ஓடவிடாதீர்கள். சூடு போதாமல், எரியாத டீசலும் கரியும் புகைக்குழாயில் படியும்.

கேபிள் லக்குகளை, அதாவது கேபிளின் முனையில் இருக்கும் உலோக இணைப்புகளை, இன்ஜின் நின்றிருக்கும்போது இறுக்குங்கள். தளர்ந்த லக் சூடாகி டெர்மினலையே கருக்கிவிடும்.