தொல்மனித மண்டையோட்டை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

கீழடியை அடுத்த கொந்தகையின் முதுமக்கள் தாழிகளில் கிடைத்த மண்டையோடுகளைக் கொண்டு இரண்டு ஆண்களின் முகங்களை மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகமும் 2025இல் வடித்துக் காட்டியபின், மதுரைப் பக்கத்து மாணவர்கள், “இவர்கள்தாம் ஆதிமனிதர்களா?” என்று கேட்கிறார்கள். அல்லர்; அவர்கள் எலும்பமைப்பில் முழுக்க நம்மவர்கள். அவர்களுக்கும் பல இலட்சம் ஆண்டுகள் முந்தைய மண்டையோடுகளைப் படிக்க, மண்டையோட்டின் நல்ல வார்ப்பு (அச்செடுத்த நகல்) ஒன்றோ, முன்புறம், பக்கவாட்டு, அடிப்புறம் ஆகிய மூன்றையும் காட்டும் படங்களோ போதும்.

எல்லோரும் மூளையின் அளவைத்தான் முதலில் தேடுவார்கள். நீங்கள் மண்டையோட்டைக் கவிழ்த்து, தண்டுவடம் இறங்கும் பெருந்துளையைப் பாருங்கள். சிம்பன்சிக்கு அது பின்னால் ஒதுங்கியிருக்கும். நிமிர்ந்து நடக்கும் நமக்கோ, முதுகெலும்பின் உச்சியில் தலை நிலைகொள்ள வேண்டியிருப்பதால், ஏறத்தாழ அடிப்புறத்தின் நடுவில் இருக்கும். தென்னாப்பிரிக்காவின் டவுங்கில் 1924இல் கிடைத்த குழந்தையின் மண்டையோட்டில் மூளை குரங்கினுடையதைப்போல் சிறியது, துளையோ முன்தள்ளியிருந்தது. நடை முந்தியது, மூளை பிந்தியது என்று அதிலிருந்து உடற்கூறியலாளர் ரேமண்ட் டார்ட் உணர்ந்தார். அறிஞர் உலகம் அதை ஏற்கப் பல ஆண்டுகள் ஆயின. பெரிய மூளையே முதலில் வந்தது என்ற எதிர்பார்ப்புக்கு ஏற்றாற்போல், மனித மண்டையோட்டையும் ஒராங்குட்டான் தாடையையும் சேர்த்து 1912இல் காட்டப்பட்ட பில்ட்டவுன் மோசடி, 1953இல்தான் அம்பலமானது. ஆகவே தாடையும் மண்டையும் ஒரே உடலைச் சேர்ந்தவையா என்று எப்போதும் கேளுங்கள்.

அடுத்து மோவாயைப் பாருங்கள். உங்கள் மோவாயைத் தொட்டுப் பார்த்தால் முன்துருத்திய எலும்பு தட்டுப்படும். நமக்கு நெருங்கிய, அழிந்துபோன மனித இனமான நியாண்டர்தாலருக்கு அது இல்லை. பிறகு பக்கவாட்டில் பாருங்கள். மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் சுமார் 3 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தோரின் முகம் நம்முடையதை ஒத்திருக்க, மண்டையோ நீண்டு தாழ்ந்திருந்தது. உருண்டை வடிவம் பின்னரே அமைந்தது.

மூளை இருந்த உட்குழியின் கொள்ளளவு கடைசியில்தான். உள்ளீடற்ற வார்ப்பின் மற்றத் துளைகளை அடைத்து, பெருந்துளை வழியே கடுகை நிரப்பி, தட்டிக் குலுக்கி, அளவுக்குவளையில் கொட்டுங்கள். சிம்பன்சிக்குச் சுமார் 400 கன செ.மீ., நமக்குச் சராசரியாகச் சுமார் 1,350. ஆனால் இதை வைத்துக் காலத்தைக் கணிக்கக் கூடாது: 465 முதல் 610 வரையே கொண்ட ஹோமோ நலேடி என்ற அழிந்துபோன மனித இனம், ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்புகூட வாழ்ந்திருக்கிறது. காலத்தைப் பெரும்பாலும் எலும்பு புதைந்திருந்த மண் படிவுகளே சொல்லும்.

பழகியபின், 1982இல் நர்மதைக் கரையின் ஹத்னோராவில் அருண் சொனாக்கியா கண்டெடுத்த மண்டையோட்டின் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தாடையும் பற்களும் கிடைக்காததால் மோவாய்ச் சோதனை அங்கே செல்லாது. எந்த இனம் என்ற விவாதமும் தீரவில்லை. உங்கள் குறிப்பேட்டில் இனத்தின் பெயருக்கான இடத்தை வெற்றிடமாகவே விடுங்கள்.