பையை யார் சுமப்பது?

பள்ளி விட்டதும் வெளியே ஓடி வரும் பிள்ளை, வாசலில் காத்து நிற்கும் பணிப்பெண்ணின் முகத்தைக்கூடப் பார்க்காமல், புத்தகப் பையைக் கழற்றி அவரிடம் நீட்டிவிட்டு முன்னே நடக்கும் காட்சி சிங்கப்பூரில் நமக்குப் பழகிப்போய்விட்டது. பிள்ளைக்கு நன்றியுணர்வைப் பழக்க நினைக்கும் பெற்றோர் அந்தப் பையிலிருந்தே தொடங்கலாம். பை பிள்ளையின் தோளிலேயே இருக்கட்டும். பிறர் தனக்காகச் செய்யும் வேலையைக் கொஞ்சமாவது தன் கையால் செய்து பார்த்த பிள்ளைக்குத்தான் அதன் பாரம் உறைக்கும்.

இல்லப் பணிப்பெண்ணுக்கு மாதத்தில் ஒரு நாளாவது, பணம் கொடுத்து ஈடுகட்ட முடியாத ஓய்வு தர வேண்டும் என்பது 2023 ஜனவரி முதல் இங்கே சட்டம். அந்த நாளில் கடையில் சாப்பாடு வாங்கிச் சமாளிக்காமல், வீட்டு வேலையில் ஒரு பங்கைப் பிள்ளையிடம் கொடுங்கள். எட்டு வயதில் என் மகள் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடிப்பிடித்த சாம்பார்ச் சட்டியை விரல் சிவக்கத் தேய்த்தாள். மறுநாள் காலையில், "அக்கா, தினமும் இத எப்படித் தேய்க்கிறீங்க?" என்று அவள் கேட்டது நான் சொல்லிக்கொடுத்த கேள்வி அன்று. அதே அக்காவை நாம் அதட்டிப் பேசினால், பிள்ளை கற்றுக்கொள்வது அந்த அதட்டலைத்தான் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

உணவங்காடி நிலையத்தில் தட்டைத் திருப்பி வைப்பது சட்டப்படி கட்டாயம் என்பதால், அதை மட்டும் நன்றியென்று கருத முடியாது. மேசை துடைக்கும் முதியவர் சீனராக இருந்தால் 'சியே சியே' என்றும், மலாய்க்காரராக இருந்தால் 'தெரிமா காசி' என்றும் அவர் முகம் பார்த்துச் சொல்லப் பழக்குங்கள்.

கொடுக்கும் குணத்துக்குத் தீபாவளியைவிட நல்ல பயிற்சிக்காலம் இல்லை. அண்டை வீடுகளுக்கு முறுக்கும் அதிரசமும் கொடுத்தனுப்பும்போது, டப்பாவை நிரப்புவதும் கதவைத் தட்டுவதும் பிள்ளையின் பொறுப்பாகட்டும். நொறுங்கியவற்றை வீட்டுக்கு வைத்துக்கொண்டு முழு முறுக்குகளைப் பிறருக்கு எடுத்து வைக்கச் சொல்லுங்கள். சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சுப் பழங்களும் நோன்புப் பெருநாளுக்கு, ஓலைப் பொதியில் வேகவைத்த சோறான கெத்துப்பாட்டும் அவர்கள் வீட்டிலிருந்து வரும்போது, வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்ற நம் வழக்கத்தை, அதில் என்ன வைக்கலாம் என்று பிள்ளையையே யோசிக்கவிட்டுக் கற்றுக்கொடுக்கலாம்.

பெரியவர்கள் தரும் தீபாவளிப் பணத்திலும் ஒரு பங்கை, செலவு தொடங்குமுன்பே, பிறருக்கென எடுத்து வைக்கச் சொல்லலாம். ஆனால் எவ்வளவு, யாருக்கு என்பது பிள்ளையின் முடிவு. 2 சிங்கப்பூர் வெள்ளிதான் எடுத்து வைத்தாலும் "இவ்வளவுதானா?" என்று கேட்காதீர்கள்; உறவினர் முன்னால் அதைச் சொல்லிப் பெருமைப்படவும் வேண்டாம், ஏனெனில் அடுத்த முறை பிள்ளை அந்தப் பாராட்டுக்காகவே கொடுக்கத் தொடங்கிவிடும்.

சிறு குழந்தையின் கையிலிருப்பதைப் பிடுங்கி விருந்தினர் பிள்ளைக்குக் கொடுப்பது ஈகையைப் பழக்காது, பறிபோகும் பயத்தைத்தான் வளர்க்கும். விருந்தினர் வருமுன்பே, யாருக்கும் தர மனமில்லாத ஒரு பொம்மையைக் குழந்தையே எடுத்து அலமாரியில் வைத்துவிடட்டும். மற்றவற்றைக் கூடத்தில் பரப்பி வைப்பதும் குழந்தையின் வேலையாகவே இருக்கட்டும்.